கடைசி இடத்தில் நின்றவர் வென்ற இரு ஆட்டங்கள்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் வழியில், வயல்களுக்கு நடுவே பூவனூர் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர்ச் சிவன் கோயிலில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். எவராலும் வெல்லப்படாத அரசிளங்குமரியை, முதியவர் வடிவில் வந்து சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். பலகையின் முன் அமர்ந்த அம்முதியவரைக் கண்டு அவையோர் நகைத்திருப்பர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்று போட்டிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலில் கேட்பது, "எதிராளிக்கு எத்தனை புள்ளி?" என்பதே. இத்தரப்புள்ளியை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் அதனை ஏற்றது. இருவருக்குமிடையே 400 புள்ளி வேறுபாடு இருப்பின், 11 ஆட்டங்களில் வலியவர் ஏறத்தாழ 10 வெற்றிப் புள்ளி பெறுவார் என்பது கணக்கு. எஞ்சிய ஒன்று எந்த ஆட்டத்தில் வரும் என்று கணக்கு சொல்வதில்லை.

எளியவர் செய்யும் பெரும்பிழை, அஞ்சிக் காய்களை விரைந்து வெட்டிக்கொண்டு சமனுக்கு ஏங்குவது. காய்கள் குறைந்த இறுதிக்கட்டத்தில்தான் வலியவரின் பயிற்சி நன்கு பலிக்கும். வலியவருக்கும் ஓர் இடர் உண்டு. சமன் செய்தால் தம் புள்ளி குறையுமே என்று துணிந்து அளவு மீறுவார், அங்கே சறுக்குவார்.

1962இல் ஸ்டாக்ஹோமில் 23 பேர் ஆடிய மண்டலங்களுக்கிடையிலான போட்டியில், பாபி பிஷர் முதலிடம் பெற்றார். முந்திய ஆண்டு இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான நம் தமிழர் மானுவல் ஆரோன் பெற்றதோ கடைசி இடம். 22 ஆட்டங்களில் 4 புள்ளியே. ஆயினும் அவர் வீழ்த்தியோருள் ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷும் கிழக்கு ஜெர்மனியின் வோல்ப்காங் உல்மானும் இருந்தனர்! தோல்வி மேல் தோல்வி கண்டவர், மறுநாள் அத்தகையோர் முன் நிமிர்ந்து அமர்ந்ததே நமக்கு வெற்றியினும் பெரிதாகப்படுகிறது. பின்னர் 1972இல் சென்னையில் அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பயின்ற சிறுவர்களுள் விசுவநாதன் ஆனந்தும் ஒருவர்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் முடிவை வினவுமுன், நகர்வுகள் எழுதிய தாளை வாங்கிப் பாருங்கள். இருபதாம் நகர்த்தலில் என்ன நினைத்தான் என்று கேளுங்கள். இரவு உணவுவரை சொல்லிக்கொண்டிருப்பான்.