42 வெள்ளி 31 காசு

2020 பிப்ரவரி 1 முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் இரண்டாகப் பிரிந்தது. மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் மாதம் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் 1,100. கோல சிலாங்கூர் அப்போது மாவட்ட மன்றம்தான். ஆகவே பெஸ்தாரி ஜெயாவிலும் புக்கிட் ரோத்தானிலும் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குச் சட்டம் உறுதி செய்தது 1,100. வாரம் ஆறு நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 42 வெள்ளி 31 காசு. இனி வரும் செலவுகளை எல்லாம் இந்தப் படியால்தான் அளக்கப் போகிறேன்.

அளக்க வேண்டிய பொருள், வீட்டிலிருந்தபடி புத்தகம் பார்த்து எழுதும் பல்கலைக்கழகத் தேர்வு. அதே ஆண்டு மார்ச் 18இல், கோவிட் பரவலைத் தடுக்க, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. டிசம்பர் 31 வரை பாடங்கள் இணையம் வழிதான் என்று மே 27இல் உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. தேர்வுக் கூடம் மூடியது, புத்தகம் திறந்தது. கேட்பதற்கு இது சலுகை மாதிரி இருக்கும். தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அப்படித் தெரியாது.

முதல் செலவு கருவி. 2020இல் கல்வி அமைச்சு 6,70,118 பெற்றோரிடம், 8,93,331 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தது சுமார் 9 விழுக்காட்டினரிடம். கைப்பேசிதான் அதிகம், அதுவும் 46 விழுக்காட்டை ஒட்டித்தான். இது பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு, பல்கலைக்கழகத்தின் கணக்கு அல்ல. ஆனால் அண்ணன் பல்கலைக்கழகத்திலும் தங்கை இடைநிலைப்பள்ளியிலும் படிக்கும் வீட்டில் கைப்பேசி ஒன்றுதானே இருக்கும்? மடிக்கணினி 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்தரை நாள் கூலி. அந்த முப்பத்தைந்தரை நாளும் வீட்டில் உலை வைக்கக்கூடாது.

அடுத்தது, பார்த்து எழுத வேண்டிய புத்தகம். தேர்வுத் திரையை விட்டு வேறு பக்கம் போனால் முறைகேடு என்று ஒரு விதி இருந்தால், கைப்பேசிக்குள் இருக்கும் பிடிஎப் பாடக்குறிப்பைத் திறக்க முடியாது. தாளில் இருக்கும் புத்தகம் மட்டுமே புத்தகம். 200 பக்கத்தை நகல் எடுக்க, பக்கத்துக்குப் பத்துக் காசு போட்டாலும் 20 வெள்ளி. ஏறக்குறைய அரை நாள் கூலி, ஒரு பாடத்துக்கு. ஐந்து பாடம் என்றால் 100 வெள்ளி.

மூன்றாவதுதான் பெரிய செலவு, கண்காணிப்பு. தேர்வு முழுவதும் கேமராவைத் திறந்து வை என்பது ஒரே வரி விதி. நல்ல தரக் காணொளிக்கு நொடிக்கு 600 கிலோபிட் வேகம் வேண்டும் என்கிறது ஜூம். ஒரு மணி நேரத்துக்கு அனுப்புவது மட்டும் 270 எம்பி. மூன்று மணி நேரத் தேர்வுக்கு 810 எம்பி, ஐந்து தாளுக்கு 4 ஜிபிக்குச் சற்று மேல். அரசாங்கம் 60 கோடி வெள்ளி ஒதுக்கி, 2020 ஏப்ரல் 1 முதல் நாளுக்கு 1 ஜிபி இலவசமாகக் கொடுத்தது. காலை 8 முதல் மாலை 6 வரைதான் அது செல்லுபடியானது. ஒரு தேர்வுத் தாளே அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தின்றுவிடும். ராத்திரி படிக்க அந்த 1 ஜிபி உதவவில்லை, சொந்தக் காசில்தான் டாப்-அப்.

இத்தனை எம்பியும் எதைத் தடுக்க? நண்பனுக்கு ஒரு விடையை அனுப்புவதை. 300 சொல் மலாய் விடை ஏறக்குறைய 2 கிலோபைட். 810 எம்பியை அதனால் வகுத்தால் 4,05,000. அதாவது ஒரு பிள்ளையின் முகத்தைப் படம் பிடிக்கச் செலவாகும் டேட்டாவில் நாலு லட்சம் விடைகளைக் கடத்தலாம். ஏமாற்றுகிறவனுக்குச் செலவே இல்லை, நேர்மையாக எழுதுகிறவன் தலையில்தான் பில். இந்தப் பேரேட்டில் என்னை உறுத்திய வரி இதுதான்.

விடைத்தாளை அனுப்புவது தனிக் கதை. பத்துப் பக்கம், பக்கத்துக்கு 3 எம்பி படம், மொத்தம் 30 எம்பி. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் நான்கு நிமிடம். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் அது நூறு கிலோபிட்டாக இறங்கினால் நாற்பது நிமிடம். கடைசி நிமிடத்தோடு கணினி கதவை மூடிவிட்டால், தாமதித்தவன் எழுதாதவன் ஆகிவிடுகிறான். அதே படத்தை 300 கிலோபைட்டாகச் சுருக்க அனுமதித்தால், அந்த வேகத்திலும் நான்கே நிமிடம். இதற்குக் காசு தேவையில்லை, விதித்தாளில் ஒரு வரி போதும்.

விதி என்றதும் நினைவுக்கு வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் 1999 மாணவர் ஒழுங்கு விதிகள், அனுமதி இல்லாத புத்தகத்தைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோகாதே, தேர்வின்போது மற்ற மாணவருடன் தொடர்பு கொள்ளாதே, ஏமாற்றாதே என்கின்றன. தண்டனை எச்சரிக்கையில் தொடங்கி நீக்கம் வரை போகும். நடுவில் இருக்கும் அபராதத்துக்கு உச்சவரம்பு 200 வெள்ளி. வேடிக்கை என்னவென்றால், 2020இல் அரசு உயர்கல்வி மாணவர்களுக்கு ஒரே முறை கொடுத்த உதவித்தொகையும் 200 வெள்ளிதான். நான்கே முக்கால் நாள் கூலி, வரவிலும் பற்றிலும் ஒரே எண். அந்த விதிகளை எழுதியவர்கள் மனத்தில் நான்கு சுவர் கொண்ட அறை இருந்தது. கைப்பேசியை அண்ணனிடமிருந்து வாங்கித் தங்கை பாடம் கேட்டால் அது தொடர்பா, முறைகேடா?

சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு 2020 ஜூனில் சபா மாநிலம் பித்தாஸில் நடந்தது சாட்சி. அலைவரிசை கிடைக்கத் தேர்வுக்காக ஒரு மாணவி மரத்தில் ஏறி இரவைக் கழித்தார். செப்டம்பரில் ஒரு துணையமைச்சர் மேலவையில் அவருக்கு அப்போது தேர்வே இல்லை என்றார். தேர்வு இருந்தது என்று அவர் படித்த பல்கலைக்கழகமே பிறகு உறுதி செய்தது. கேமரா எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

கண்காணிப்பைக் கைவிட்ட பல்கலைக்கழகமும் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் முதலில் கண்காணிப்பு மென்பொருளை நம்பித் தேர்வு நடத்தியது. ஏராளமானோர் தேறவில்லை, புகார்கள் குவிந்தன. 2021 ஏப்ரல்-மே பருவத்துக்கு வீட்டில் புத்தகம் பார்த்து, தாளில் எழுதி, ஏற்றி அனுப்பும் முறைக்கு மாறியது. நூலில் உள்ளதை அப்படியே எடுத்தெழுத முடியாத கேள்வி, அந்த முறைக்குக் காவல்காரன். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தக் காவலும் பாதி தூங்குகிறது. அதன் கட்டணப் பதிப்பு 2023இல் தொடங்கியபோது மாதம் 20 அமெரிக்க டாலர். 2025இன் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில்கூட அது ஒரு நாள் கூலிக்கு மேல்.

கடைசிக் கணக்கை விரிவுரையாளர் பக்கத்திலிருந்து போடுகிறேன். 60 பேர் வகுப்பு, மூன்று மணி நேரக் கேமரா: 180 மணி நேரக் காணொளி, 48.6 ஜிபி. இதை முழுக்க யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? அதற்குப் பதில் ஐந்தில் ஒருவர் என்று சீட்டுக் குலுக்கி 12 பேரைச் சாதாரணத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். நீ எழுதிய மூன்றாவது விடையை உன் வாயால் சொல் என்று ஆளுக்குப் பத்து நிமிடம் கேளுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம், டேட்டா பூஜ்யம். யார் பெயர் வரும் என்று அறுபது பேருக்கும் தெரியாது. விரிவுரையாளர்களே, அடுத்த பருவத்துக்கு விதித்தாள் எழுதும்போது கேமரா வரியை அடித்துவிட்டு இதைச் சேருங்கள்.