நாளவழிப் போசணையில் நாகம்: குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், அளவுக்குக் குறைந்தாலும் உயிருக்கு ஊறு விளைவிக்கும் பொருட்களும் உள்ளன. உடலுக்குத் தேவையான கனியுப்புக்கள் இவ்வகையைச் சார்ந்தவை. சோறு, பருப்பு, மீன், இறைச்சி, கீரை என்று நாம் அன்றாடம் உண்பவற்றின் மூலம் இவை நம்மை அறியாமலே உடலைச் சென்றடைகின்றன. எவ்வளவு தேவை, எவ்வளவு மிகை என்பதைப் பெரும்பாலும் குடலே தீர்மானித்துக்கொள்கின்றது. வாயால் உண்ண இயலாத அல்லது உண்டாலும் குடல் ஏற்காத நோயாளிக்கு உணவு முழுவதையும் நாளத்தினூடாக வழங்கும்போது அந்தத் தீர்மானம் மனிதர் கைக்கு மாறிவிடுகின்றது. வைத்தியர் எழுதும் எண், மருந்தாளர் கலக்கும் கலவை, தாதியர் சரிபார்க்கும் சீட்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பிழைத்தாலும் அதனைத் திருத்துவதற்குக் குடல் அங்கே இல்லை.

இந்த உண்மையை நன்கு விளக்கக்கூடிய கனியுப்பு, சிங்க் என்று பரவலாக அழைக்கப்படும் நாகம் ஆகும். வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள நாகத்தின் மொத்த அளவு இரண்டு கிராம் அளவிலேயே இருக்கும். ஆயினும் முந்நூறுக்கும் அதிகமான நொதியங்களின் செயற்பாட்டுடன் அது தொடர்புபட்டுள்ளது. கலங்கள் பிரிந்து பெருகுதல், காயம் ஆறுதல், தோல் புதுப்பிக்கப்படுதல், நோயெதிர்ப்பு ஆகிய அனைத்துக்கும் நாகம் தேவை. அதிவேகமாக வளரும் குழந்தைக்கும், சத்திரசிகிச்சைக்குப் பின்னர் காயம் ஆறவேண்டிய நோயாளிக்கும் அதன் தேவை இன்னும் அதிகம் என்பது இதிலிருந்தே புலனாகும்.

நாளவழிப் போசணையின் வரலாறு மிகப் பழையதன்று. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய சகாக்களும் 1960களில் நாய்க்குட்டிகளைப் பெரிய நாளத்தினூடாக மட்டுமே உணவூட்டி வளர்க்க முடியும் என்று நிரூபித்தனர். 1967 ஆம் ஆண்டில், சிறுகுடல் உரியவாறு அமையாது பிறந்த குழந்தையொன்றுக்கு இம்முறையைப் பிரயோகித்தனர். குளுக்கோசு, அமினோ அமிலங்கள், உப்புக்கள், உயிர்ச்சத்துக்கள் ஆகியவை அடங்கிய திரவத்தால் மாத்திரம் ஒரு குழந்தை வளர்ந்தது மருத்துவ உலகத்துக்குப் பெரும் வியப்பாக இருந்தது. சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் வ்ரெட்லின்ட் உருவாக்கிய, நாளத்தில் செலுத்தக்கூடிய கொழுப்புப் பால்மமும் பின்னர் இம்முறையுடன் இணைந்தது.

ஆனால், அக்கால மருத்துவர்கள் எதிர்பாராத ஒரு சிக்கல் விரைவிலேயே தலைதூக்கியது. தூய்மையாகத் தயாரிக்கப்பட்ட அத்திரவங்களில், இயற்கை உணவில் நுண்ணளவில் இருக்கும் கனியுப்புக்கள் இருக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகர மருத்துவர்கள், நாளவழிப் போசணை பெற்றுவந்த நோயாளிகள் சிலரிடம் ஒரே விதமான அறிகுறிகளைக் கண்டனர். வயிற்றோட்டம், மனச்சோர்வு, மூக்கையும் வாயையும் சூழ்ந்த தோல் அழற்சி, முடி உதிர்தல் ஆகியவையே அவை. குருதியில் நாகத்தின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. நாகத்தை நாளத்தினூடாக வழங்கியதும் நோயாளிகள் குறிப்பிடத்தக்க வேகத்தில் தேறினர். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நிபுணர் குழு, நாகம் உள்ளிட்ட நுண்கனியங்களை நாளவழிப் போசணையில் சேர்ப்பதற்கான அளவுகளைப் பரிந்துரைத்தது. நோயாளிகள் பட்ட துன்பத்தின் வாயிலாகவே இந்த அறிவு பெறப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் யாவை? வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிகிராம் நாகம் நாளவழியாகப் போதுமானது. குறைமாதக் குழந்தைக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில் தேவைப்படுகின்றது. நிறைமாதத்தில் பிறந்து மூன்று மாதங்களைத் தாண்டாத குழந்தைக்குக் கிலோகிராமுக்கு 250 மைக்ரோகிராம்; ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராம். நிறையுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறிய குழந்தைக்கே மிகக் கூடுதலான அளவு தேவைப்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தாயின் உடலிலிருந்து சிசுவுக்கு நாகம் பெருமளவில் சென்றடைவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயாகும். அக்காலம் நிறைவுறுமுன்னரே பிறக்கும் குழந்தை போதிய சேமிப்பு இல்லாமல் பிறக்கின்றது.

இந்த எண்களை வாய்வழி மருந்துகளுடன் ஒப்பிட்டுக் குழம்பலாகாது. வயிற்றோட்டத்தால் பாதிக்கப்பட்ட, ஆறு மாதங்களைத் தாண்டிய பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் நாகத்தைப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு வாய்வழியாக வழங்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தன. பத்துக் கிலோகிராம் நிறையுள்ள, ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளவழியாக வழங்கப்படும் அன்றாட அளவோ அரை மில்லிகிராம் மாத்திரமே. ஒன்று குறுகிய காலச் சிகிச்சை, மற்றையது அன்றாடத் தேவை என்பது ஒருபுறமிருக்க, வாயால் உட்கொள்ளும் நாகத்தின் ஒரு பகுதியையே குடல் உறிஞ்சுகின்றது. மிகுதி மலத்துடன் வெளியேறுகின்றது. நாளத்தினுள் செலுத்தப்படுவதோ முழுமையாகக் குருதியில் கலக்கின்றது.

அளவு மிகுந்தால் நேர்வது என்ன என்பதற்கு மருத்துவ ஏடுகளில் பதிவான நிகழ்வுகள் சாட்சி பகர்கின்றன. 1977 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான அறிக்கையொன்று, எழுபத்திரண்டு வயதான பெண் ஒருவருக்குத் தவறுதலாக அறுபது மணித்தியாலங்களில் 7.4 கிராம் நாக சல்பேற்று நாளவழியாகச் செலுத்தப்பட்டதை விவரித்தது. குருதி அமுக்கம் வீழ்ச்சியடைந்து, நுரையீரலில் நீர் கோத்து, செங்கமாரி ஏற்பட்டு, சிறுநீர் குறைந்து, 47 நாட்களின் பின்னர் அவர் உயிரிழந்தார்.

2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நிகழ்ந்தது இதனிலும் துயரமானது. குறைமாதக் குழந்தையொன்றின் போசணைத் திரவத்தில் மைக்ரோகிராம் கணக்கில் சேர்க்கப்படவேண்டிய நாகம், கலவை இயந்திரத்தின் கணினியில் மில்லிகிராம் என்று பதியப்பட்டது. எழுதிய எண் மாறவில்லை. அலகு மாத்திரமே மாறியது. விளைவு, ஆயிரம் மடங்கு மிகையான அளவு. இவ்வளவு நாகத்தை ஒரு சிசுவுக்கான திரவத்தில் சேர்ப்பதற்கு இயந்திரத்தை மீண்டும் மீண்டும் நிரப்பவேண்டியிருந்தது. இருந்தும், தவறு உரிய வேளையில் பிடிபடவில்லை. மிகை அளவைத் தடுக்கும் எல்லை அந்த இயந்திரத்தில் நிர்ணயிக்கப்பட்டிருக்கவுமில்லை. குழந்தை உயிர் பிழைக்கவில்லை.

ஆயிரம் மடங்கு என்பதன் பொருளை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவை 400 மைக்ரோகிராம். அதே எண்ணை மில்லிகிராம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் பெறும் வளர்ந்தவர் ஒருவருக்கு நூறு நாட்களுக்குப் போதுமான நாகம் ஒரே நாளில் அச்சிசுவின் குருதியில் கலக்கும்.

குழப்பத்துக்கு இடமளிக்கும் மற்றொரு விடயம் உப்பின் நிறைக்கும் அதிலுள்ள நாகத்தின் நிறைக்கும் இடையிலான வேறுபாடு. நீரேறிய நாக சல்பேற்றில் ஏறத்தாழ 23 சதவீதமே நாகம். எஞ்சியது சல்பேற்றும் நீருமாகும். 220 மில்லிகிராம் நாக சல்பேற்று அடங்கிய வாய்வழி மாத்திரையில் 50 மில்லிகிராம் நாகமே உள்ளது. நாளவழி மருந்துகள் உப்பின் அளவில் அன்றி, நாகத்தின் அளவிலேயே கணக்கிடப்படல் வேண்டும். அத்துடன், மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம், 5 மில்லிகிராம் என வெவ்வேறு செறிவுகளில் மருந்துக் குப்பிகள் உள்ளன. 400 மைக்ரோகிராமுக்கு முதலாவதில் 0.4 மில்லிலீற்றர் தேவை, இரண்டாவதில் 0.08 மில்லிலீற்றர் போதும். குப்பி மாறினால் அளவு ஐந்து மடங்காகும்.

மிகை அளவுக்கு அஞ்சி நாகத்தையே தவிர்த்துவிடுவதும் தீர்வாகாது. 2012 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் ஊசிமூலம் ஏற்றப்படும் நாகத்துக்குத் தட்டுப்பாடு நிலவியது. வொஷிங்டன் நகரில் மிகக் குறைந்த மாதத்தில் பிறந்து, பித்தத் தேக்கத்தாலும் பாதிக்கப்பட்டிருந்த மூன்று குழந்தைகளுக்கு நாகக் குறைபாட்டினால் தோல் அழற்சி ஏற்பட்டதாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2013 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. அவ்வாண்டிலேயே வெளிநாட்டுத் தயாரிப்புகளை இறக்குமதி செய்வதற்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இடமளிக்க நேர்ந்தது. உலகின் மிகப் பெரிய பொருளாதாரம் கொண்ட நாட்டிலேயே இந்நிலை ஏற்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இக்குழந்தைகளின் பித்தத் தேக்கம் மற்றொரு பாடத்தையும் உணர்த்துகின்றது. செம்பும் மங்கனீசும் பெரும்பாலும் பித்தத்தின் வழியே உடலைவிட்டு வெளியேறுபவை. பித்தம் தேங்கும்போது அவை உடலில் சேரக்கூடும் என்பதால் நுண்கனியக் கலவையின் அளவைக் குறைப்பது வழக்கம். நாகமோ பிரதானமாகச் சதையிச் சுரப்புக்களினூடாகவும் குடலினூடாகவும் வெளியேறுவது. எல்லாம் ஒரே குப்பியில் கலந்திருக்கையில், மங்கனீசுக்காகக் கலவையைக் குறைத்தால் நாகமும் சேர்ந்து குறைந்துவிடும். அவ்வேளையில் நாகத்தைத் தனியாகச் சேர்ப்பது இன்றியமையாதது. மறுதலையாக, கலவையுடன் தனி நாகமும் வழங்கப்படுமாயின் இரண்டின் மொத்தத்தையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

நிலையான அளவு எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. குடலில் துவாரம் ஏற்பட்டோ, கடும் வயிற்றோட்டத்தாலோ குடற் சுரப்பு வெளியேறும் நோயாளி, சிறுகுடற் திரவத்தின் ஒவ்வொரு லீற்றருடனும் ஏறத்தாழ 12 மில்லிகிராம் நாகத்தை இழக்கின்றார். நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் வெளியேறுமாயின் இழப்பு 24 மில்லிகிராம். அத்தகையவருக்கு வழமையான 3 அல்லது 5 மில்லிகிராம் போதாமற் போவதில் வியப்பில்லை. எனவே, வெளியேறும் திரவத்தை அளந்து பதிவுசெய்யும் தாதியின் குறிப்பேடு, மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் ஆவணமும் ஆகின்றது.

குருதிப் பரிசோதனையை மாத்திரம் நம்பியிருக்கவும் முடியாது. குருதியில் நாகம் பெரும்பாலும் அல்புமின் என்ற புரதத்துடன் இணைந்தே பயணிக்கின்றது. கிருமித் தொற்றோ அழற்சியோ ஏற்படும்போது உடல் நாகத்தை ஈரலுக்குள் ஈர்த்துக்கொள்வதால், உண்மையான குறைபாடு இல்லாதபோதும் குருதியில் அளவு தாழ்ந்து காணப்படும். மாதிரி எடுக்கும்போது செங்குருதிக் கலங்கள் உடைந்தாலோ, நாகம் கலந்த றப்பர் மூடியுள்ள குழாயைப் பயன்படுத்தினாலோ அளவு பொய்யாக உயர்ந்து காணப்படும். ஆகவே தோலின் நிலை, வயிற்றோட்டம், காயம் ஆறும் வேகம், குழந்தையின் வளர்ச்சி, அழற்சியைக் காட்டும் ஏனைய பரிசோதனைகள் ஆகிய அனைத்தையும் ஒருசேர நோக்கியே முடிவெடுத்தல் வேண்டும்.

பாதுகாப்புக்கான வழிகள் புதிராக எதுவுமில்லை. சிசுக்களுக்கான கட்டளைகள் யாவும் கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற ஒரே முறையில் எழுதப்படல் வேண்டும். எழுதுபவர் ஓர் அலகிலும் கலப்பவர் வேறோர் அலகிலும் கணக்கிடும் நிலை இருத்தலாகாது. மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுமையாக எழுதுவது நன்று. கலவை இயந்திரத்தில் மீறமுடியாத உச்ச எல்லை நிர்ணயிக்கப்படல் வேண்டும். ஒருவர் கணித்ததை மற்றொருவர் அவருடைய விடையைப் பாராமல் தனியாகக் கணித்து ஒப்பிடல் வேண்டும். வழக்கத்துக்கு மாறாகப் பல குப்பிகளை உடைக்க நேர்ந்தால், அதுவே வேலையை நிறுத்திக் கேள்வி கேட்பதற்கான அறிகுறி. செறிவான நாகத்தை நேரடியாக நாளத்தில் ஏற்றலாகாது. கிருமிநீக்கிய சூழலில் போசணைத் திரவத்துடன் கலந்து, ஐதாக்கிய பின்னரே மெதுவாகச் செலுத்தல் வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒழுங்கும், கேள்வி கேட்பவரைக் கடிந்துகொள்ளாத பணிச்சூழலுமே தேவை. இளநிலை ஊழியர் ஒருவர் "இந்த அளவு சரிதானா?" என்று வினவும்போது அதனை மரியாதைக் குறைவாகக் கருதும் இடத்தில் எந்த விதிமுறையும் உயிரைக் காக்காது.

மருந்துத் தட்டுப்பாடும் நமக்கு அந்நியமான விடயமன்று. 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இலங்கையின் வைத்தியசாலைகள் அத்தியாவசிய மருந்துகளுக்கே அல்லற்பட்டதை நாம் கண்டோம். அத்தகைய காலங்களில் உயிர் காக்கும் பெரிய மருந்துகளைப் பற்றியே அனைவரும் பேசுவர். சிறிய குப்பியில் வரும் நுண்கனியம் கவனத்தில் வராமற் போகலாம். தட்டுப்பாடு வருமுன்னரே, இருக்கும் நாகத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதை வைத்தியசாலைகள் தீர்மானித்திருத்தல் நலம். வாய்வழி எடுக்கக்கூடியவரை அவ்வழிக்கு மாற்றி, குறைமாதக் குழந்தைகளுக்கும் குடற்திரவத்தை இழப்போருக்கும் நாளவழி நாகத்தை ஒதுக்குவதே நியாயமாகும். மாற்று மருந்து வரும்போது அதன் செறிவு பழைய மருந்தினதிலிருந்து வேறுபடக்கூடும் என்பதால், முதல் நாளே அது குறித்து அனைவருக்கும் அறிவிக்கப்படல் வேண்டும்.

நாளவழிப் போசணை பெறுவோரின் உறவினரும் சில கேள்விகளைக் கேட்கலாம். நுண்கனியங்கள் சேர்க்கப்படுகின்றனவா, நிறை எப்போது கடைசியாக அளக்கப்பட்டது, வாய்வழி உணவை எப்போது ஆரம்பிக்கலாம் என்பவை அவற்றுட் சில. வாயைச் சுற்றியோ அரையிலோ விரல் நுனியிலோ புதிதாகச் சிவந்த புண் தோன்றினால் உடனே தாதியிடம் காட்டுதல் வேண்டும். அதேவேளை, வெளியில் வாங்கிய கனியுப்பு மாத்திரைகளை வைத்தியருக்குத் தெரியாமல் நோயாளிக்குக் கொடுப்பது முற்றாகத் தவிர்க்கப்படல் வேண்டும். கேட்பது குற்றம் காண்பதற்காக அன்று. ஓர் எண்ணைப் பலர் பார்த்து உறுதிசெய்யும்போதே அந்தத் திரவத்தால் உயிர் வாழும் நோயாளிக்கு அது பாதுகாப்பாகின்றது.