கல்லூரி நூலகத்தில் ஆய்விடம்: பாட ஒப்பீட்டை முன்வைத்து

குறுந்தொகைப் பாடல் ஒன்றன் பாடவேறுபாடுகளைத் தொகுக்க முற்படும் ஆய்வாளர் முன் ஒரே நேரத்தில் எத்தனை நூல்கள் விரிந்திருத்தல் வேண்டும்? சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பு, உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு, வையாபுரிப் பிள்ளையின் உழைப்பில் 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியத் தொகுப்பு, ஈவா வில்டன் மூன்று தொகுதிகளாக 2010இல் கொணர்ந்த செம்பதிப்பு ஆகியவை இன்றியமையாதவை. இறுதியாகச் சுட்டியதில் பாடல் அமைந்த தொகுதியோடு சொல்லடைவுத் தொகுதியும் தேவைப்படும். சொல்லாட்சியைச் சரிபார்க்கத் தமிழ்ப் பேரகராதியின் உரிய தொகுதியும் வேண்டும். ஆக, குறைந்தது ஆறு நூல்கள். டெம்மி எட்டில் ஒன்று அளவிலான நூலை விரித்தால் ஏறத்தாழ 28 செ.மீ. அகலம் கொள்ளும். அவ்வளவின எனக் கொண்டாலே ஆறு நூல்களுக்கும் 168 செ.மீ. வேண்டும், பேரகராதியோ அதனினும் பெரியது. இரண்டு வரிசையாக அடுக்கினும் எழுதுவதற்கான இடம் இக்கணக்கில் சேரவில்லை.

கல்லூரி நூலகங்களின் படிப்பறை பெரும்பாலும் இக்கணக்கிற்குப் புறம்பானது. ஒருவர், ஒரு நூல், சில மணி நேரம் என்னும் வாய்பாட்டில் அது அமைந்துள்ளது. பாடநூல் பயிலும் மாணவருக்கு அது போதும். ஆய்வாளருக்கு இடத்தின் பரப்பைவிடப் பெரிய இடர் காலத்தால் நேர்கின்றது. மாலையில் நூலகம் மூடும்போது மேசை ஒழிக்கப்படுகின்றது. நூல்கள் அடுக்கிற்குத் திரும்புகின்றன. மறுநாள் அவற்றை மீண்டும் தேடி எடுத்து, விட்ட அடியைக் கண்டுபிடித்து, ஒப்பீட்டைத் தொடர வேண்டும். ஓர் எழுத்தின் வேறுபாட்டைப் பல பக்கங்களில் நினைவில் நிறுத்திச் செய்யும் பணியில் இவ்விடையறவு பிழைக்கு வழிவகுக்கும். கலைக்கப்படாத மேசையே ஆய்வறையின் முதல் இலக்கணம் எனல் தகும்.

இத்தேவை புதிதன்று. இங்கிலாந்தின் குளோஸ்டர் பேராலயம் துறவியர் மடமாக இருந்த காலத்தில், அதன் தெற்கு நடைக்கூடத்தில் இருபது சிறு கல்மாடங்கள் படிப்பிற்கென அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒருவருக்கு உரியது. ஒவ்வொன்றிற்கும் சாளர வெளிச்சம் உண்டு. இவற்றைக் குறித்த 'கேரல்' என்னும் சொல்லே இன்றைய நூலகங்களில் தனியாள் ஆய்விருக்கைக்கும் வழங்குகின்றது.

தமிழகச் சூழலில் இது குறித்துச் சிந்திப்போர் சீ.இரா.அரங்கநாதனைக் கடந்து செல்ல இயலாது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931இல் வெளிவந்த அவர்தம் நூலக ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் பயன்பாட்டிற்கே உரியது என்பதாகும். அவ்விதியை விளக்குமிடத்து நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், அறைகலன், பணியாளர் ஆகியவற்றையும் அவர் ஆராய்கின்றார். மேசை நாற்காலியைப் பொருட்பதிவேட்டுச் செய்தியாகக் கருதும் வழக்கத்திற்கு இது நேர்மாறானது. வாசகரின் நேரத்தைச் சேமித்தல் என்னும் நான்காம் விதியோடு பொருத்திக் காணின், நாள்தோறும் மேசையை ஒழிக்கச் செய்யும் நடைமுறை அவ்விதியை மீறுவதாகவே தோன்றும்.

ஆய்வாளரிடம் நூல்கள் தங்கிவிட்டால் பிறர் எங்ஙனம் பயன்கொள்வர் என்னும் மறுப்பு எழலாம். மறுப்பு நியாயமானதே, அரிய பழம்பதிப்புகள் பெரும்பாலும் ஒரு படியே இருக்கும். ஆயின் ஆய்விருக்கையில் உள்ள நூல் வீட்டிற்குச் சென்ற நூலன்று. அடுக்கில் அதன் இடத்தில் இருக்கை எண் எழுதிய அட்டையொன்றைச் செருகினால், தேடி வருபவர் அங்குச் சென்று பார்த்துக்கொள்ள இயலும். புதிய கட்டடம் எழுப்ப நிதியில்லாத கல்லூரியும் சுவரோரம் நான்கு மேசைகளைப் பருவந்தோறும் பெயர் குறித்து ஒதுக்கலாம். பூட்டத்தக்க சிறு நிலைப்பேழை ஒன்று உடனிருப்பின் குறிப்பேடுகளுக்கும் காப்புண்டு.

தனியிருக்கை மட்டும் தமிழாய்விற்குப் போதாது. நன்னூல்ப் பொதுப்பாயிரம் மாணாக்கன் பெறும் கல்வியைப் பங்கிட்டுரைக்கின்றது: ஆசிரியர் உரைத்ததை நன்கு கொள்வதால் கிடைப்பது காற்பங்கு, உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இக்கணக்கின்படி முக்காற்பங்கு கல்வி வாய்திறந்து பேசும் இடத்தில் நிகழ்வது. அமைதி காக்க என்னும் பலகையின் கீழ் அதற்கு வாய்ப்பில்லை. சீர்பிரிப்பில் ஐயம் நேருமிடத்து அடியை உரக்கப் படித்துப் பார்த்தே தளை தட்டுவதை உணர இயலும் என்பது யாப்புப் பயின்றோர் அறிந்தது. ஆதலால் கதவடைத்த குழுவறை ஒன்று, ஐவர் அமரும் அளவிற்கேனும், ஆய்விருக்கைகளுக்கு அருகில் அமைதல் வேண்டும். அங்குக் கரும்பலகையும் பேரகராதியின் ஒரு தொகுப்பும் நிலையாக இருத்தல் நலம். நூலைத் தேடி எழுந்து செல்வதற்குள் வாதம் ஆறிப்போவதுண்டு.