காலநிலை மாதிரிகளை மதிப்பிடுவது எவ்வாறு?

இந்நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாட்டின் வெப்பம் எவ்வளவு உயரும், மழை கூடுமா குறையுமா என்னும் வினாக்களுக்குக் காலநிலை மாதிரிகளிலிருந்தே விடை பெறப்படுகின்றது. காற்று, கடல், நிலம் ஆகியவற்றின் இயக்கத்தை இயற்பியல் சமன்பாடுகளால் கணினியில் கணக்கிடுபவை இவை. இவற்றின் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என அறிய, நிகழ்ந்து முடிந்த காலத்தை இவை எவ்வாறு காட்டுகின்றன என்பதை முதலில் நோக்க வேண்டும்.

உலகக் காலநிலை ஆராய்ச்சித் திட்டம் 1995இல் தொடங்கிய ஒப்பீட்டுப் பணியின் ஆறாம் கட்டத்தில் இதுவே செய்யப்பட்டது. 1850 முதல் 2014 வரை வளிமண்டலத்தில் சேர்ந்த வாயுக்கள், எரிமலைத் துகள்கள், சூரிய ஆற்றல் ஆகியவற்றின் அளவுகள் மாதிரிகளுக்குத் தரப்பட்டன. அவை கணக்கிட்ட வெப்பமும் மழையும் அளவீடுகளோடு ஒப்பிடப்பட்டன. குறிப்பிட்ட ஓர் ஆண்டின் மழையை மாதிரி அப்படியே காட்டும் என எதிர்பார்ப்பதற்கில்லை. நீண்டகாலச் சராசரி, பருவச் சுழற்சி, போக்கு ஆகியவையே ஒப்பீட்டுக்கு உரியவை.

வெப்பநிலை பரந்த நிலப்பரப்பில் படிப்படியாகவே மாறுவது. ஆதலின் மலைப்பகுதிகள் நீங்கலாக, மாதிரிகள் அதனைப் பெரும்பாலும் செம்மையாகக் காட்டுகின்றன. மழையின் நிலை வேறு. மழைமேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. மாதிரியின் கட்டமோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கட்டத்தினுள் அடங்கிவிடும் மேகங்களைத் தோராய விதிகளாலேயே கணக்கிட வேண்டியுள்ளது.

இதன் விளைவைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் காண்கின்றோம். சோமாலியா, தெற்கு எத்தியோப்பியா, கென்யா ஆகிய பகுதிகளில் மார்ச் முதல் மே வரை நெடுமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழையும் பெய்கின்றன. பொதுவாக முன்னதே மிகுதி. மாதிரிகள் பலவும் நெடுமழையைக் குறைத்தும் குறுமழையை மிகுத்தும் காட்டுகின்றன. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மாதிரி சரியானதாகத் தோன்றலாம். ஆயின் விதைக்கும் பருவத்தை நோக்கியிருக்கும் உழவருக்கும் மேய்ச்சலை நம்பியுள்ள கால்நடையாளருக்கும் ஆண்டு மொத்தத்தால் பயனில்லை.

1980களுக்குப் பின் சில பத்தாண்டுகள் இந்நெடுமழை குறைந்து வந்தது. மாதிரிகளோ எதிர்காலத்தில் அது கூடும் என்றன. இம்முரண் முழுவதையும் மாதிரியின் குறையாகக் கொள்ளலாகாது. பசிபிக் பெருங்கடலின் இயற்கையான ஏற்றத்தாழ்வுக்கும் இதில் பங்குண்டு. எனினும் 2020 இறுதி முதல் 2022 இறுதி வரை அங்கு ஐந்து மழைப்பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. 2023 இறுதியில் பெருவெள்ளம் சூழ்ந்தது. மழை கூடும் என்னும் ஒற்றைக் கணிப்பை மட்டும் நம்பித் திட்டமிடுவோர் இவ்விரண்டில் ஒன்றுக்கேனும் ஆயத்தமின்றி நிற்க நேரும்.

ஆகவே, ஒரு மாதிரி நல்லதா எனப் பொதுவாக வினவுவதைவிட, எந்த வட்டாரத்துக்கு, எந்தப் பருவத்துக்கு, எத்தேவைக்கு நல்லது என வினவுவதே முறையாகும். சராசரி பொருந்துகின்றதா என்பதோடு நில்லாது, மழையைத் தரும் காற்றோட்டமும் கடல்வெப்பமும் பொருந்துகின்றனவா என்றும் ஆராய வேண்டும். வெப்பக் கணிப்பில் தேறிய மாதிரி மழைக் கணிப்பிலும் தேறியதாகக் கொள்ள இடமில்லை.