பொத்தான் எங்கே போயிற்று?

இரவு நேரம். தண்ணீர் குடிப்பதற்காக எழுந்து, இருட்டில் சமையலறைக்குள் நுழைகிறீர்கள். விளக்கைப் போடக் கை சுவரைத் தடவுகிறது. ஸ்விட்ச் அகப்படவில்லை. அப்போதுதான் நினைவுக்கு வருகிறது: சென்ற வாரம் எலக்ட்ரீஷியன் வந்து அதை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டுப் போனார். அவர் வேலை செய்தபோது நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பகலில் யாராவது கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். ஆனாலும் கை பழைய இடத்துக்கே போகிறது. உங்களுக்குத் தெரிந்தது உங்கள் கைக்குத் தெரியவில்லை!

இதே கதைதான் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறியின் முன்னால் நடக்கிறது. விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்புக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதனால் பலர் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டியதாயிற்று. கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் நிரல்களையும் ஒருங்கிணைத்து நடத்துவது இயக்க அமைப்பு. அதன் முகமே நாம் பார்க்கும் திரை. முகம் மாறியதும் பலர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டார்ட் பொத்தான் எங்கே போயிற்று?" என்பதுதான்.

அது எங்கும் போய்விடவில்லை. இடக்கீழ் மூலையிலிருந்து திரையின் அடிப்பகுதி நடுவுக்கு நகர்ந்திருக்கிறது. சில அங்குலத் தூரந்தான்! இதற்கா இத்தனை தடுமாற்றம்? ஆம். அந்தத் தடுமாற்றத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பழகினால் தீர்வது. மற்றது, பழகினாலும் தீராதது. இரண்டையும் பிரித்து அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையின் நினைவு

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953ஆம் ஆண்டில் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால், எதிர்பாராத இழப்பு ஒன்று நேர்ந்தது. புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் சந்தித்தவரையே மறந்துவிடுவார்.

பிரெண்டா மில்னர் என்னும் உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திர வடிவத்தின் இரு கோடுகளுக்கு இடையே பென்சிலால் வரைய வேண்டும். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால் இது எவருக்கும் முதலில் கடினமே. மூன்று நாட்கள் பயிற்சி நடந்தது. மொலேசன் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும், "இதை நான் முன்பு செய்ததே இல்லை" என்றே நினைத்தார்!

இதிலிருந்து தெரிவது என்ன? செய்திகளை நினைவில் வைப்பது வேறு. செயல்திறனை நினைவில் வைப்பது வேறு. இரண்டையும் மூளையே செய்கிறது. ஆனால் வெவ்வேறு பகுதிகள் செய்கின்றன. மிதிவண்டி ஓட்டுவது, தட்டச்சு அடிப்பது, ஸ்டார்ட் பொத்தானை நோக்கி மௌஸைத் தள்ளுவது எல்லாம் இரண்டாம் வகை. 'பொத்தான் நடுவில் இருக்கிறது' என்ற செய்தியை ஒரு நொடியில் கற்கிறோம். கை கற்பதற்கோ பல நாட்கள் வேண்டும். இடையே பழைய பழக்கம் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். இது பழகினால் தீரும் தொல்லை.

ஒரு பென்சில் சோதனை

இரண்டாம் வகைத் தொல்லையை அறிய நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு செங்குத்துப் பட்டைகள் வரையுங்கள். தூரத்தைப் பட்டையின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும்.

முதல் தாள்: பட்டையின் அகலம் 2 செ.மீ., இடைத்தூரம் 16 செ.மீ.
இரண்டாம் தாள்: அகலம் 1 செ.மீ., இடைத்தூரம் 8 செ.மீ.
மூன்றாம் தாள்: அகலம் 1 செ.மீ., இடைத்தூரம் 16 செ.மீ.

பென்சில் முனையால் இரு பட்டைகளையும் மாறி மாறி, தவறாமல், முடிந்த அளவு வேகமாக 20 முறை தொடுங்கள். நண்பர் ஒருவர் நேரத்தைக் குறிக்கட்டும். ஒவ்வொரு தாளிலும் ஐந்து முறை செய்து சராசரி காணுங்கள்.

முதல் இரு தாள்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆவதைக் காண்பீர்கள். இரண்டாம் தாளில் தூரம் பாதிதானே? உண்மை. ஆனால் அகலமும் பாதி. தூரத்தை அகலத்தால் வகுத்தால் இரண்டிலும் 8 தான். மூன்றாம் தாளில் அந்த விகிதம் 16. அங்கே நேரம் கூடும். விகிதம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு தொடுதலுக்கான நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது. மடக்கை படித்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் பால் ஃபிட்ஸ் 1954ஆம் ஆண்டில் உலோகத் தகடுகளை வைத்து இதைக் கண்டறிந்தார். இன்று இது ஃபிட்ஸ் விதி எனப்படுகிறது.

இப்போது திரைக்கு வருவோம். மௌஸின் அம்புக்குறி திரையின் விளிம்பைத் தாண்டாது. ஆகவே இடக்கீழ் மூலையில் ஒரு பொத்தான் இருந்தால் குறிபார்க்கவே வேண்டாம். மௌஸை அந்தத் திசையில் வேகமாகத் தள்ளினால் போதும். அதிகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி மூலையிலேயே நிற்கும். கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் பொத்தான் கைக்கு மிகப் பெரிய இலக்கு! நடுவில் வைத்த பொத்தானுக்கு இந்த வசதி கீழ்ப்புறம் மட்டுமே உண்டு. இடம் வலமாகக் குறிபார்த்தே ஆக வேண்டும். அதுமட்டுமன்று. விண்டோஸ் 11-இல் புதிய நிரல்களைத் திறக்கத் திறக்க, நடுவிலுள்ள படவரிசை நீண்டு, ஸ்டார்ட் பொத்தான் இடப்புறம் நகர்கிறது. நகரும் இலக்கைக் கை எப்படி மனப்பாடம் செய்யும்? இது பழகினாலும் முழுவதும் தீராத தொல்லை.

மறைந்துபோன பொத்தான்

இந்த வேறுபாட்டுக்குச் சிறந்த சான்று விண்டோஸ் 8. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளிவந்தபோது ஸ்டார்ட் பொத்தான் அறிமுகமாயிற்று. பதினேழு ஆண்டுகள் அது இடக்கீழ் மூலையிலேயே இருந்தது. 2012 அக்டோபர் 26 அன்று வந்த விண்டோஸ் 8-இல் அது காணாமற்போயிற்று! அதற்குப் பதில் திரை முழுவதும் வண்ணக் கட்டங்கள்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொடுதிரைகள் பெருகிய காலம் அது. அம்புக்குறியின் முனை ஒரு புள்ளிதான். விரல் நுனியோ ஏறக்குறைய ஒரு செ.மீ. அகலம். விரலுக்கு இலக்குகள் பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே பெரிய கட்டங்கள். ஆனால் பெரும்பாலோர் மேசையில் மௌஸோடு உட்கார்ந்திருந்தார்கள். கணிப்பொறியை அணைக்க வேண்டுமானால், அம்புக்குறியை வலப்புற மூலைக்குக் கொண்டுபோக வேண்டும்; அப்போது வெளிப்படும் பட்டையில் செட்டிங்ஸ், அதில் பவர், அதில் ஷட் டவுன். அந்த மூலையில் எந்த அடையாளமும் இல்லை. கண்ணால் பார்த்துக் கண்டுகொள்வது எளிது. ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ நினைவுகூர்வது கடினம். புதிதாக வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

எதிர்ப்பு எழுந்தது. 2013 அக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-இல் பழைய பட்டியலும் புது வடிவில் திரும்பியது. மக்கள் மாற்றத்தை வெறுத்ததால் மட்டும் இது நடக்கவில்லை. அந்த மாற்றத்தில் பழகினாலும் தீராத குறை இருந்தது.

பழகுவது எப்படி?

முதலில், மாறாதவற்றைப் பற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையை அழுத்தினால் ஸ்டார்ட் பட்டியல் திறக்கும். பொத்தான் எங்கே இருந்தாலும் இது மாறவில்லை. திறந்தபின் நிரலின் பெயரைத் தட்டச்சு செய்தால் அது எதிரே வரும். கன்ட்ரோல் விசையோடு சி நகலெடுக்கும், வி ஒட்டும். ஆல்ட் விசையோடு டேப் அடுத்த சாளரத்துக்குக் கொண்டுபோகும். கோப்பு, கோப்புறை என்னும் அடிப்படைகளும் அப்படியேதான் இருக்கின்றன. முகந்தான் மாறியிருக்கிறது, உடல் பெரும்பாலும் பழையதே.

அடுத்து, தீராத தொல்லை இருந்தால் அதை நீக்க வழி உண்டா என்று பாருங்கள். டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி, டாஸ்க்பார் செட்டிங்ஸுக்குள் சென்றால், படவரிசையை மறுபடியும் இடப்புறம் நிறுத்தலாம். நடுவா, இடமா என்று ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். நாள்தோறும் மாற்றிக்கொண்டிருந்தால் கை எதையும் கற்காது.

மூன்றாவது, அளந்து பாருங்கள். நாளும் பத்து முறை ஒரே வேலையைச் செய்து, ஆகும் நேரத்தை வரைபடத் தாளில் குறியுங்கள். முதல் நாட்களில் கோடு வேகமாக இறங்கும். பிறகு மெல்ல மெல்லச் சமதளமாகும். திறன் கற்கும்போதெல்லாம் பெரும்பாலும் காணப்படும் வளைவு இது. சமதளமான பின்னும் பழைய நேரத்தைவிட அதிகமாக இருந்தால், குறை உங்களிடம் இல்லை; அமைப்பில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இருபது ஆண்டுகளாகக் கணிப்பொறியில் கணக்கு எழுதும் உங்கள் அப்பாவோ அத்தையோ புதிய திரையின் முன் திகைத்து நிற்கலாம். "இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்துவிடாதீர்கள். அவர்கள் கை இருபது ஆண்டுகள் பழகிய கை. உங்கள் கைக்கு மறக்க வேண்டியது குறைவு. அவ்வளவுதான் வேறுபாடு. உதவி செய்யும் ஆவலில் மௌஸைப் பிடுங்கி, "இதோ பாருங்கள்" என்று நீங்களே செய்துவிடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் கண் பார்க்கும், கை கற்காது. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். மௌஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.