எஞ்சினை ஓட்டாமல் லாரி கேபினைச் சூடாக்கும் வழி

ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் கன்னியாகுமரியில் முடிகிறது. மயிலாடிக் கடைகளில் விற்கும் காஷ்மீர் ஆப்பிள் எந்த மொத்தச் சந்தை வழியாக வந்தாலும், பெரும்பாலும் இச்சாலையின் வட முனையில்தான் லாரி ஏறுகிறது.

காசிகுண்டு, பனிஹால், ராம்பன் பகுதிகளில் மண்சரிவும் பனியும் அடிக்கடி சாலையை மறிக்கும். 2022 செப்டம்பரிலும், 2025 ஆகஸ்ட், செப்டம்பரிலும் ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்றன, பழம் அழுகியது. குளிர்காலத்தில் இப்படி நின்றால் சரக்கோடு டிரைவர், கிளீனர் உயிருக்கும் ஆபத்து. அங்கே டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிர். இரவில் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கும்.

லாரியிலுள்ள சாதாரண ஹீட்டர் எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரிலிருந்து வெப்பம் எடுப்பது. எஞ்சின் நின்றால் அதுவும் ஆறிவிடும். ஆகவே சிலர் இரவு முழுதும் எஞ்சினை ஓடவிடுகிறார்கள். சைலன்சர் வாயைப் பனி மூடினால் புகை கேபினுக்குள் திரும்பும். சிலர் அடுப்பையோ கரிக் கணப்பையோ உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இது அதைவிட மோசம். இரண்டிலும் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்துவிடுவார்.

இதற்கு மாற்று, டீசலில் இயங்கும் பார்க்கிங் ஹீட்டர். லாரி டாங்கிலிருந்து சிறிதளவு டீசலை எடுத்து, மூடிய அறைக்குள் எரிக்கும். புகை தனிக் குழாய் வழியே வண்டிக்கு அடியில் வெளியேறும். கேபின் காற்று அந்தச் சூடான அறையின் வெளிப்புறத்தைத் தொட்டுத் திரும்புமே தவிர, புகையோடு கலக்காது. மின்விசிறிக்கும் பம்புக்கும் பாட்டரியிலிருந்து சிறிது மின்சாரம் போதும்.

கணக்கைப் பாருங்கள். நின்றபடி ஓடும் பெரிய எஞ்சின் மணிக்குச் சுமார் 2 லிட்டர் குடிக்கும். 10 மணி நேரத்துக்கு 20 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 1,800 ரூபாய். ஹீட்டருக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டருக்குள் அடங்கும். இரவு முழுதும் அதிகம் போனால் 225 ரூபாய்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. புகைக்குழாயின் வாய், காற்று எடுக்கும் வழிக்கு அருகில் இருக்கக்கூடாது. பனி அதை மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. பாட்டரி இறங்கினால் தானே நிற்கும் அமைப்பு வேண்டும்.

3. கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வைப்பது நல்லது.

4. டீசல் நிரப்பும்போது ஹீட்டரை அணைத்துவிட வேண்டும்.

ஹீட்டர் இல்லாத லாரியில் கனத்த ரஜாய், கம்பளி, ரப்பர் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம். கதவு ரப்பரைச் சரிசெய்தால் குளிர்காற்று உள்ளே வராது. அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

வடக்கிலிருந்து நேரடியாகச் சரக்கு வரவழைக்கும் மொத்த வியாபாரிகள் குளிர்காலத்தில் லாரி பேசும்போது, வாடகையோடு இதையும் விசாரிக்க வேண்டும். காத்துக்கிடக்கும் நாளுக்கான படியையும் முன்பே பேசி முடிப்பது நல்லது. வீணாகும் டீசல் எப்படியும் வாடகையில் ஏறி, நம் கடையின் விலைப்பலகைக்கு வந்துசேரும். அந்தச் சரக்கைக் கொண்டுவருபவர் உயிரோடு ஊர் திரும்புவதும் நம் பொறுப்பில் ஒரு பங்கு.