எங்கே போனார் அந்தப் பேராசிரியர்?

வாசக நேயர்களே, ஒரு நிமிடம் இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டு வாசலில் நாள்தோறும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை ஒரு நாள் காலையில் காணவில்லை. நாற்காலியையும் காணவில்லை. வீட்டில் எல்லாரும் வழக்கம்போல் காப்பி குடிக்கிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், வேலைக்குப் புறப்படுகிறார்கள். "தாத்தா எங்கே?" என்று ஒருவரும் கேட்கவில்லை!

"இப்படியும் ஒரு வீடு இருக்குமா?" என்று கேட்பீர்கள். வீடு இருக்குமோ இல்லையோ, ஒரு தொலைக்காட்சித் தொடர் இருந்தது. அந்தத் தொடரின் பெயர் 'ஸ்பேஸ் 1999'. காணாமற்போன பெரியவரின் பெயர் பேராசிரியர் விக்டர் பெர்க்மன். அவர் கதாநாயகன் அல்லர். துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவரும் அல்லர். ஆனாலும் அவர் போன பிறகுதான் அவருடைய அருமை பலருக்கும் தெரிந்தது.

புறப்பட்டுவிட்ட சந்திரன்

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியர் உருவாக்கிய தொடர் இது. லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் படமாக்கப்பட்டு, 1975-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. முதல் தொகுப்பில் 24 கதைகள், இரண்டாவதில் 24 கதைகள், ஆக மொத்தம் 48.

சந்திரனில் 'ஆல்பா' என்ற ஆராய்ச்சி நிலையம். அங்கே 311 பேர் வாழ்கிறார்கள். பூமியில் சேரும் அணுக்கழிவுகளைக் கொண்டுபோய்ச் சந்திரனில் கொட்டி வைத்திருக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் அந்தக் கழிவுக் கிடங்கு வெடிக்கிறது. வெடித்த வேகத்தில் சந்திரனே தன் பாதையை விட்டு விலகி, 311 பேரையும் சுமந்துகொண்டு விண்வெளியில் ஓடத் தொடங்குகிறது. இனித் திரும்ப வழியில்லை!

நிலையத்தின் தலைவர் ஜான் கோனிக். மருத்துவப் பொறுப்பில் டாக்டர் ஹெலினா ரசல். இவர்களாக நடித்தவர்கள் மார்ட்டின் லாண்டோ, பார்பரா பெய்ன். நிஜ வாழ்க்கையிலும் அப்போது அவர்கள் கணவன் மனைவி. இந்த இருவருக்கும் அடுத்தபடியாக நிற்பவர்தான் நமது பேராசிரியர் பெர்க்மன்.

அவர் ஆல்பாவின் நிரந்தர ஊழியரே அல்லர். ஆராய்ச்சிக்காக வந்து தங்கியிருந்த விருந்தாளி. வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்! ஆனால் ஒரு நாளாவது "எனக்கு ஏன் இந்தக் கதி?" என்று அவர் புலம்பியதில்லை. முதல் கதையில், கிடங்கில் வேலை செய்தவர்களுக்குப் புத்தி பேதலித்து, ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். கதிரியக்கமோ இல்லை, கருவிகள் எதையும் காட்டவில்லை. பிறகு என்னதான் காரணம்? கோனிக்கும் பெர்க்மனும் சேர்ந்து யோசித்து, காந்த சக்தியின் விளைவு இது என்று கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்து என்ன பயன்? நேரம் கடந்துவிட்டது.

ஆணையும் ஆலோசனையும்

ஆல்பாவில் உத்தரவு போடுபவர் கோனிக். ஆனால் உத்தரவு போடுமுன் அவர் பெர்க்மன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பதவியில் ஒருவர் இருப்பார். சிக்கல் என்று வந்தால் எல்லாரும் போய் நிற்பது வேறொரு பெரியவரின் வாசலில்.

பெர்க்மன் எப்படிப்பட்டவர் என்பதற்கு இரண்டு கதைகளைச் சொல்லலாம்.

ஒரு கதையில் சந்திரன் ஒரு 'கருஞ்சூரியனை' நோக்கி இழுபட்டுப் போகிறது. ஒளியைக்கூட வெளியே விடாமல் விழுங்கிவிடும் ஈர்ப்பு சக்தி அதற்கு. இன்று நாம் கருந்துளை என்று சொல்கிறோமே, அதுதான். ஆல்பாவைச் சுற்றி ஒரு சக்தி வேலி அமைத்தால் தப்பிக்கலாமோ என்று பெர்க்மன் கணக்குப் போடுகிறார். சோதனையின்போது அந்த சக்தி அவரையே தாக்கித் தூக்கி எறிகிறது. சாகவேண்டியவர் பிழைக்கிறார். எப்படி? அவர் மார்புக்குள் இருப்பது இயந்திர இருதயம்!

வேலி அமைத்தாகிவிட்டது. அது தாங்குமா என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆறு பேரை மட்டும் ஒரு கலத்தில் ஏற்றித் தப்பிக்க அனுப்பிவிட்டு, மற்றவர்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி நேரத்தில் பெர்க்மன் என்ன செய்கிறார் தெரியுமா? கோனிக்கோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறார். இத்தனை ஆபத்துகளில் நாம் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டந்தானா, அல்லது நம்மைவிடப் பெரிய அறிவு ஒன்று அண்டத்தில் இருக்கிறதா என்று யோசிக்கிறார். கடவுளைச் சொல்கிறீர்களா என்ற கேள்வி வருகிறது. தெரிந்ததுபோல் அவர் நடிக்கவில்லை. தெரியாததைக் கண்டு கேலி செய்யவும் இல்லை. உண்மையான விஞ்ஞானியின் அடக்கம் அது.

இன்னொரு கதை இதைவிடக் கனமானது. பூமியிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய 'வாயேஜர்' என்ற கலம் எதிரே வருகிறது. அதன் இயந்திரம் உமிழும் அணுத்துகள்கள் வழியில் உள்ள உயிர்களை எல்லாம் அழித்துக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் எர்ன்ஸ்ட் குவெல்லர் என்ற விஞ்ஞானி. அதனால் முன்பே பூமியில் ஒரு விபத்து நடந்து பலர் மாண்டிருக்கிறார்கள். வெட்கமும் வேதனையும் தாங்காமல் அவர் லிண்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆல்பாவிலேயே வேலை பார்க்கிறார். அவரிடம் உதவியாளராக இருக்கும் இளைஞனோ, அந்த விபத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவன்!

லிண்டன்தான் குவெல்லர் என்பது பெர்க்மனுக்குத் தெரியும். அவர் அந்த மனிதரை ஊரறிய அவமானப்படுத்தவில்லை. தவறு செய்தவனும் மனிதன்தான், அவனுக்கும் பிராயச்சித்தம் செய்ய ஒரு வாய்ப்பு வேண்டும் என்பது போன்ற பார்வை அவருடையது. கதையின் முடிவில் குவெல்லர் தன் உயிரைக் கொடுத்து ஆல்பாவைக் காப்பாற்றுகிறார். நன்மைக்கென்று செய்த கண்டுபிடிப்பு கொலைகாரனாக மாறினால் அதற்குப் பொறுப்பு யார்? சிறுவர்களும் பார்க்கும் தொடர் ஒன்று இந்தக் கேள்வியைக் கேட்டது என்றால் அது சாதாரண விஷயமா?

இருதயம் பலித்தது, சந்திரன் பலிக்கவில்லை

சரி, இதில் எவ்வளவு விஞ்ஞானம், எவ்வளவு கற்பனை என்று நீங்கள் கேட்கலாம்.

பெர்க்மனின் இருதயத்தை எடுத்துக்கொள்வோம். 1967-இல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் ஒருவரின் இருதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தி உலகை வியக்க வைத்தார். 1969-இல் அமெரிக்காவில் டாக்டர் டெண்டன் கூலி செயற்கை இருதயம் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தார். நிரந்தரமாகப் பயன்படுத்தும் நோக்கத்தோடு ஒரு மனிதருக்குச் செயற்கை இருதயம் வைத்தது 1982 டிசம்பரில்தான். பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அந்த இருதயத்தோடு 112 நாட்கள் வாழ்ந்தார். ஆக, பெர்க்மன் அவருக்கு 7 ஆண்டுகள் முந்தியவர்!

கருந்துளையின் படத்தை 2019-இல் விஞ்ஞானிகள் முதன்முதலாக வெளியிட்டார்கள். கருமைக்கு நடுவே ஒரு நெருப்பு வளையம். அதையும் தொலைக்காட்சி முந்திக்கொண்டது.

ஆனால் அடிப்படைக் கதை மட்டும் நடக்காத காரியம். பூமிக்கும் சந்திரனுக்கும் சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமோ, ஒளியே போய்ச் சேர 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் தூரத்தில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு புதிய உலகைச் சந்திரன் கடந்துபோவதாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்? சந்திரனை அப்படித் தூக்கி எறியும் அளவுக்கு ஒரு வெடிப்பு நிகழ்ந்தால், ஓடுவதற்குச் சந்திரன் மிச்சமிருக்காது, தூள் தூளாகிவிடும். புகழ்பெற்ற விஞ்ஞானக் கதை ஆசிரியர் ஐசக் அசிமோவ் 1975-லேயே இந்தத் தொடரின் விஞ்ஞானத்தைக் கண்டித்து எழுதினார்.

ஆயினும் அணுக்கழிவை எங்கே வைப்பது என்ற கவலை கற்பனை அல்ல. பின்லாந்து நாட்டில் அதற்காகவே கடினப் பாறையைக் குடைந்து, 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் சுரங்கம் அமைத்திருக்கிறார்கள்.

நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. 'ஆர்க்கேடியா' என்ற மாண்டுபோன கிரகத்தில் பெர்க்மனும் மற்றவர்களும் இறங்கும்போது, குகைச் சுவரில் பழைய எழுத்துகளைக் காண்கிறார்கள். அது என்ன மொழி தெரியுமா? சமஸ்கிருதம்! மனித குலமே அந்தக் கிரகத்திலிருந்துதான் வந்தது என்று கதை போகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. படமாக்கிய வரிசைப்படி முதல் தொகுப்பின் கடைசிக் கதை அதுதான். அதன் பிறகு பேராசிரியரை நாம் பார்க்கவே இல்லை.

ஒரு வார்த்தைகூட இல்லை

பெர்க்மனாக நடித்தவர் பாரி மோர்ஸ். லண்டனின் எளிய பகுதி ஒன்றில் 1918-இல் பிறந்தவர். 1951-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1963 முதல் 1967 வரை வந்த 'தி பியுஜிட்டிவ்' தொடரில், குற்றமற்ற ஒரு டாக்டரை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜெரார்டாக நடித்தவரும் அவரே. அங்கே பலரும் வெறுத்த முகம், இங்கே எல்லாரும் நம்பிய முகமாயிற்று. அதுவல்லவா நடிப்பு!

இரண்டாம் தொகுப்புக்கு அமெரிக்கர் பிரெட் பிரைபெர்கர் தயாரிப்பாளராக வந்தார். விறுவிறுப்பு வேண்டும், சண்டை வேண்டும், வேகம் வேண்டும் என்று தொடரை மாற்றினார்கள். மோர்ஸ் திரும்பி வரவில்லை. சம்பளப் பேச்சு ஒத்துவரவில்லை என்று சொல்லப்படுகிறது. கதைகளின் தரத்தில் அவருக்கும் திருப்தி இருக்கவில்லை.

அவர் இடத்துக்கு மாயா என்ற பெண் வந்தாள். வேறு கிரகத்தவள். நினைத்த மாத்திரத்தில் புலியாகவும் பறவையாகவும் உருமாறக்கூடியவள். நடித்தவர் கேத்தரின் ஷெல். நன்றாகவே நடித்தார், குழந்தைகளுக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு. பெர்க்மன் எங்கே போனார் என்று ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை! பழுதான விண்வெளி உடையால் அவர் இறந்துபோனதாக வசனத்தில் எழுதியிருந்தார்களாம். ஒளிபரப்பான கதையில் அதுவும் இல்லை. கூடவே இருந்து, எத்தனையோ முறை எல்லாரையும் காப்பாற்றிய மனிதருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை.

விளைவு என்ன? வேகம் கூடியது, ஆழம் குறைந்தது. "என்ன செய்யலாம்?" என்ற கேள்வி மிஞ்சியது. "ஏன், எதற்கு?" என்று கேட்கும் குரல் போய்விட்டது. 1977-இல் தொடரும் முடிந்தது. மூன்றாம் தொகுப்பு வரவே இல்லை.

ஆனால் ரசிகர்கள் மறக்கவில்லை. 1999 செப்டம்பர் 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர்கள் கூடியபோது, ஆல்பாவிலிருந்து வரும் கடைசிச் செய்தியாக ஒரு குறும்படம் காட்டப்பட்டது. அன்றிரவும் சந்திரன் தன் இடத்திலேயே இருந்தது! பாரி மோர்ஸ் 2008-இல், தம் 89-ஆம் வயதில் காலமானார்.

வாசகர்களே, இனி ஒரு விஞ்ஞானத் தொடரைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது, கதாநாயகனை மட்டும் கவனிக்காதீர்கள். ஆபத்து வந்ததும் அவன் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும் அந்த மனிதர்தான் கதையின் மூளை. பல சமயம் அதன் மனச்சாட்சியும் அவரே.

பார்த்து முடித்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வாசலில் சாய்வு நாற்காலியில் இருப்பவரிடம் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். தொடரில் வந்தவரை எழுத்தாளர்கள் நினைத்திருந்தால் திரும்ப அழைத்து வந்திருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர் போனால், அழைத்து வர எந்த எழுத்தாளராலும் முடியாது.